செருப்பைச் சாக்கில் கட்டும் வீடு

அப்பா,

தைலப் புட்டியைத் திறந்திருக்கிறேன். கடைசி லீவுக்கு சிங்கப்பூரிலிருந்து நீங்கள் கொண்டுவந்தவற்றில் இது ஒன்றுதான் மிச்சம். மற்றவற்றை அம்மா வாய்க்காலில் கொட்டிவிட்டாள். இது என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில் பஞ்சு சுற்றி இருக்கிறது. ஒரு சொட்டு மூக்குத்தண்டில் தடவியதும் கண் எரிந்தது, நீங்கள் வந்துவிட்டீர்கள். கூடத்தில் பையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தெருவே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, முட்டிக்கு ஒரு சொட்டு, இடுப்புக்கு ஒரு சொட்டு என்று.

கொசுவலைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். வெளிச்சத்தைப் போர்வையால் மறைத்துவிடலாம். வாசனையை எப்படி மறைப்பது என்று பயமாக இருக்கிறது. ஜெபவீட்டில் மருந்து கூடாது. தைலமும் மருந்துதான் என்று அதை நடத்தும் ஐயா சொல்லியிருக்கிறார்.

உங்களுக்கு ஜெபவீட்டைத் தெரியாது. கப்பல் பட்டறையில் சாரத்திலிருந்து விழுந்து நீங்கள் பெட்டியில் வந்தீர்கள். முப்பதாம் நாள் பூசையோடு உறவுக்காரர்கள் வருவது நின்றுபோனது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் அம்மா வரப்பில் உட்கார்ந்திருந்தபோது ஜெபவீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்து வயலில் இறங்கினார்கள். கூலி வேண்டாம் என்றார்கள். ஒரே நாளில் நட்டு முடித்து, சேற்றுக் காலோடு அம்மாவை நடுவில் உட்காரவைத்து ஜெபித்தார்கள். அன்றுதான் அம்மா வாய்விட்டு அழுதாள். அதனால் அவளை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

முதலில் ஜெபமாலை போனது. அப்புறம் டிவி, அப்புறம் அத்தை வீட்டுப் போக்குவரத்து, அப்புறம் காய்ச்சல் மாத்திரை. போன கல்லறைத் திருநாளன்று டியூஷன் விட்டு பஸ்ஸில் வந்தேன். கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி எரிந்தது. உங்கள் இடம் மட்டும் இருட்டாக இருந்தது. பஸ் நிற்கவில்லை.

எது மதம், எது மதத்தின் பெயரில் ஆளைப் பிடித்துவைக்கும் கூட்டம் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை, அப்பா. நம் மாதா கோயில், ஜெபவீடு, இரண்டு இடத்திலும் முழங்கால் போடுகிறோம். இரண்டு இடத்திலும் பைபிள்தான். திட்டு நம் கோயிலிலும் உண்டு. எனக்குத் தெரிந்த வித்தியாசம் செருப்பு ஒன்றுதான். நம் கோயில் வாசலில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஜெபவீட்டு வாசலில் ஒன்றுகூடக் கிடக்காது. நாங்கள் உள்ளே போனதும் ஓர் அக்கா எல்லாவற்றையும் உரச்சாக்கில் அள்ளிக் கட்டி, ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் வைத்துவிடுவார். "நாய் தூக்கிட்டுப் போயிடும்மா" என்பார். இத்தனை நாளில் அந்தத் தெருவில் நான் ஒரு நாயைக்கூடப் பார்த்ததில்லை.

நீங்களோ, சாமியார் பிரசங்கத்தை ஆரம்பித்ததும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுவீர்கள். கூடவே நாலைந்து பேர். ஒருநாள் சாமியார் மைக்கிலேயே, "வேப்பமரத்துச் சபையாரே, இன்னைக்குச் சுருக்கமாத்தான் பேசப்போறேன், பயப்படாம உள்ள வாங்க" என்றார். கோயிலே சிரித்தது. நீங்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். தேர்த்திருவிழா வாணவேடிக்கைக்காக அவரோடு சண்டை போட்டு மூன்று மாதம் கோயில் பக்கமே போகாமல் இருந்ததும் நீங்கள்தான். அவரே மொபெட்டில் வந்து நம் வாசலில் நின்றார்.

"கோபம் இருக்கட்டும்ப்பா. உள்ள மீன் கொழம்பு கொதிக்குதே, அதுக்குமா எம்மேல கோபம்?"

"அது என் பொண்டாட்டி வச்ச கொழம்பு சாமி. அதுக்கு யார்மேலயும் கோபம் கெடையாது. வாங்க, உக்காருங்க."

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, சண்டை போட்டுவிட்டு எப்படித் திரும்பப் போனீர்கள் என்று கேட்டேன். "நம்ம கோயிலு ஆயி. எந்திரிச்சுப் போறவனைப் போக விடணும். திரும்பி வந்தா நகந்து எடம் குடுக்கணும். அவ்வளவுதான்" என்றீர்கள். நீங்கள் போன பிறகு என்னை யாரும் ஆயி என்று கூப்பிடவில்லை.

அந்தக் கோயிலில் பழகிய பழக்கத்தில்தான் தப்பு செய்துவிட்டேன். மூன்று வாரத்துக்கு முன்னால், மருந்தைத் தொடுகிறவர்களுக்கு விசுவாசம் இல்லை என்று ஐயா பேசிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கி, "அப்ப நீங்க ஏன் ஐயா கண்ணாடி போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஐயா கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்தப் பிள்ளையோட யாரும் பேச வேண்டாம்" என்றார்.

அன்றிலிருந்து அம்மாவும் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டில் கரண்டியால் தட்டுவாள். நான் வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது என் பெயர் வருவதற்காகக் காத்திருக்கிறேன். அன்றைக்கு என் பெயரைச் சொல்லும் முதல் ஆள் அவர்தான். "உள்ளேன் டீச்சர்" என்று தேவைக்கு அதிகமான சத்தத்தில் சொல்லி, போன வாரம் திட்டு வாங்கினேன். அதுகூட நன்றாக இருந்தது.

நாளை ஞாயிறு. நேற்று செருப்பு அக்கா ஒரு சீட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நாளை எல்லோர் முன்னாலும் முழங்காலில் நின்று அதிலிருக்கும் மூன்று வரியை நான் சொல்ல வேண்டும். என் கேள்வி பிசாசிடமிருந்து வந்தது. என்னைப் பெற்றவர் இருளில் செத்தவர். அவர் எனக்கு அப்பா இல்லை.

"சொல்லிட்டீன்னா அம்மா பேசிடுவாங்கம்மா. உங்கூடப் பேச எவ்வளவு தவிக்கிறாங்க தெரியுமா?" என்றார் அக்கா. சொல்லாவிட்டால் இது எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியவில்லை.

நேற்று ராத்திரி நான் சொல்லிப் பார்த்தேன், அப்பா. மூன்று வரியையும். அம்மா ஒருமுறை "சாப்பிட்டியா" என்று கேட்டால் போதும் என்று இருந்தது. மூன்றாவது வரி வாயில் வராது என்று நினைத்தேன். சுலபமாக வந்துவிட்டது. அதிலிருந்துதான் இவ்வளவு பயம்.

இந்த வரியை எழுதும்போது கதவு திறந்தது. நோட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளி, டார்ச்சை அணைத்தேன். அம்மா உள்ளே வந்து நின்றாள். இரண்டு நாளாக அவளுக்குத் தலைவலி. துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறாள். வாசனை அறை முழுக்க இருந்தது. அவள் திட்டவில்லை, தேடவில்லை. மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை, இன்னும் ஆழமாக இழுத்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள். நாளை ஐயாவிடம் சொல்வாளா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு மூச்சு நேரமும் அவளும் உங்களோடுதான் இருந்தாள். அது எனக்குத் தெரியும்.

புட்டியை இறுக்கி மூடி, கொசுவலைக்கு வெளியே அவள் பார்க்கிற மாதிரி ஜன்னலில் வைத்துவிட்டேன். அவளுக்கு வேண்டியிருக்கும்.

நாளை அவளோடு நானும் போவேன். அந்த மூன்று வரியைச் சொல்ல மாட்டேன். குரல் நடுங்கினால் பேசாமல் நிற்பேன். பேசாமல் இருக்கத்தான் மூன்று வாரமாகப் பழகியிருக்கிறேனே. ஆனால் வாசலில் அக்கா சாக்கோடு வரும்போது என் செருப்பைக் கொடுக்க மாட்டேன். கையில் பிடித்துக்கொண்டு உள்ளே உட்காருவேன்.

உங்கள் ஆயி