ஆறாவது குழிக்கு முன்னால் மணல்

மார்ச் 4, செவ்வாய்
கோல்ஃப் திடலைப் புதுப்பிக்கும் குழுவில் இன்று என் பேச்சு எடுபட்டது. ஆறாவது குழிக்கு முன்னால், குறுக்கே ஒரு மணல்பள்ளம். திடலை வடிவமைக்கும் பெண், "சார், எதிர்க்கரையைக் கொஞ்சம் சரிவா விடலாமே. வர்றவங்கள்ல பாதிப் பேர் அறுபது தாண்டினவங்க" என்றாள். நான் விடவில்லை. வாத்தியாராக இருந்தவன் நான்; வினாத்தாளில் ஒரு கேள்வியாவது யோசிக்க வைக்க வேண்டாமா? எல்லாரும் நூறு வாங்கினால் அதில் யாருக்கு என்ன மகிழ்ச்சி? மார்பளவுக்குச் செங்குத்தாக வெட்டச் சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்
திறந்துவிட்டார்கள். நாலாவது முறை அடித்தபோதுதான் என் பந்து மணலிலிருந்து வெளியே வந்தது. நல்ல பள்ளம்.

மே 1, வியாழன்
எழுத மனம் வரவில்லை. மைத்துனர் — என் மனைவியின் தம்பி. அவள் இறந்த பிறகு காலையில் என்னோடு பேச இருப்பவர் அவர் ஒருவர்தான். இன்று அவர் பந்து மணலில் விழுந்தது. பதினோரு முறை அடித்தார். ஒவ்வொரு முறையும் சுவரில் முட்டி, அவர் காலடிக்கே உருண்டு வந்தது. பின்னால் காத்திருந்த ஒருவர், "என்னண்ணே, உள்ளேயே குடி போயிட்டீங்களா?" என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன் — ஏன் சிரித்தேன்? அப்புறம்தான் அவர் வலது கையைப் பார்த்தேன். மட்டையைக் கீழே போட்ட பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது.
"நீங்க முடிச்சிட்டு வாங்க அத்தான்" என்று போய்விட்டார்.

மே 2
வரவில்லை.

மே 5
போன் செய்தேன். முட்டி வலி என்றார். "முட்டியா, கையா?" என்றேன்.
"ஆறு மாசமா இருக்கு. நோகாம ஆடிக்கிட்டிருந்தேன், யாருக்கும் தெரியல. நீங்கதான் மேடை போட்டுக் காட்டிட்டீங்க."

மே 9
எவையேனும் எட்டு வினாக்களுக்கு விடையளிக்க என்று வினாத்தாளின் தலையில் போடுவேன். தெரியாத பிள்ளை கடினமானதைத் தொடாமல் அடுத்ததற்குப் போகும். கெட்டிக்காரப் பிள்ளை மோதிப் பார்க்கும். இரண்டும் சிரித்துக்கொண்டே வெளியே வரும். இங்கே திடலின் அகலம் முழுக்க மணல். கட்டாய வினா வைத்துவிட்டேனே! முப்பத்து நாலு வருஷத்தில் ஒரு தடவை செய்யாததை...

மே 13
தவறு என்னுடையது என்று குழுவில் சொல்லிவிட்டேன். வடிவமைக்கும் பெண் குத்திக்காட்டவில்லை. "சுவர் இருக்கட்டும் சார், ஆசைப்படுறவங்க தாண்டட்டும். இடது ஓரத்துல மட்டும் பள்ளத்தை மூடிப் புல் போட்டுடலாம். அந்தப் பக்கமாப் போனா ஒரு தடவை கூடுதலா அடிக்கணும், அவ்வளவுதான்."

ஜூன் 6
இடது பக்கம் திறந்தது. மைத்துனரிடம் சொன்னேன். "எனக்குன்னு தனி ரோடா?" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 9, திங்கள்
வந்தார். மட்டைப் பை இல்லை.
"ஆட வரல. நீங்களே மார்க் போட்டுக்கிட்டா தாராளமாப் போட்டுக்குவீங்க. குடுங்க மார்க் அட்டையை."
கூடவே நடந்தார். ஆறாவது குழியில், "இடது பக்கமாப் போங்க அத்தான். வீம்பு வேணாம்" என்றார். போனேன்.
முடிந்ததும் அட்டையைத் தந்தார். எண்கள் கட்டத்தை விட்டு ஏறியும் இறங்கியும் கிடந்தன. எத்தனையோ பிள்ளைகளின் கோழிக் கிறுக்கலைப் படித்தவன் நான். ஆறாவது கட்டத்தில் இருப்பது நாலா, ஏழா, தெரியவில்லை.
"சரியா இருக்கா?" என்றார்.
சரியாக இருக்கிறது என்றேன்.