விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

ஜனவரி 11, ஞாயிறு

மகள் ஸ்ம்ருதியின் அறையில், கட்டிலுக்கு நேர் மேலே சுவரில் விரிசல். போன வாரம் தலைமுடி அளவு. இன்று நகம் உள்ளே போகிறது. வெளியே போய்ப் பார்த்தேன் - அதே இடத்தில் கல் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது. இங்கிலாந்திலிருந்து நியூ ஜெர்சிக்கு வந்த விவசாயி ஒருவர் கட்டிய பண்ணை வீடு. இரண்டடி கனச் சுவர், இருநூற்றைம்பது வருஷம் அசையவில்லை. நாங்கள் வாங்கி மூன்று வருஷம்தான்.

என்னால்தானா?

ஜனவரி 12

சென்னையில் வேலை பார்த்தபோது கட்டட சைட்டில் செய்ததுபோல் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதினேன். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

"வாட்ஸ் தட், அம்மா?"

"சும்மாடி."

ஜனவரி 15

உடையவில்லை.

முதல் கோடையில் கல் இடுக்குகளில் பழைய சுண்ணாம்பு உதிர்ந்தது. நானே சிமென்ட் வைத்து அடைத்தேன். எவ்வளவு பெருமை! இப்போதுதான் படிக்கிறேன்: சுவரில் இறங்கும் ஈரம் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேறுமாம். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், குளிரில் அது உறைந்து கல்லைத் தள்ளும். கல்லூரியில் கான்கிரீட்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

சுவாமிநாதன் இந்த வீடே வேண்டாம் என்றார். "நான் சிவில் இன்ஜினியர், பாத்துக்கறேன்" என்று சொல்லிக் கணவர் வாயை அடைத்தவள் நான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

ஜனவரி 18

உடைந்துவிட்டது. ஐயோ, குழந்தை அதற்குக் கீழேதானே தூங்கினாள்!

ஹீட்டர் ரிப்பேர் என்று பொய் சொல்லி அவளை எங்கள் அறைக்கு மாற்றினேன். "பட் இட்ஸ் வார்ம்" என்றாள்.

ஜனவரி 19

ஸ்ம்ருதியின் புத்தகத்தை எடுக்க சுவாமிநாதன் அந்த அறைக்குள் போனார். "அங்க போகாதீங்க!" கத்திவிட்டேன். பிறகு எல்லாம் கொட்டிவிட்டேன். 'அப்பவே சொன்னேனே' என்பார் என்று காத்திருந்தேன்.

"விரிசல பாத்த அன்னிக்கே அவள ஏன் மாத்தல?" என்று மட்டும் கேட்டார்.

மாற்றினால் ஏன் என்று கேட்பாரே. அதனால்தான். இரண்டு வாரம் - என் கௌரவத்துக்காக.

பிப்ரவரி 3

பழைய கல் வீடுகளில் வேலை செய்யும் கொத்தனார் டேல் வந்தார். முட்டுக் கொடுத்துவிட்டு என் சிமென்ட்டைக் கொத்தினார். பின்னாலிருந்து தண்ணீர் வழிந்தது. யார் பூசியது என்று கேட்டார். சுவாமிநாதன் பக்கத்தில் நிற்கும்போதே "நான்தான்" என்றேன்.

மே 23

பிதுங்கிய கற்களை எடுத்துத் திரும்ப அடுக்கி, சுண்ணாம்பு வைத்து முடித்தார்கள். உள்ளே புதுக் கண்ணாடி ஒட்டினேன்.

ஜூன் 21

ஸ்ம்ருதி தன் அறைக்குத் திரும்பி மூன்று வாரம். தினமும் எழுந்ததும் கண்ணாடியைப் பார்ப்பேன். இன்று மறந்தே போனேன். மதியம் நினைவு வந்து மாடிக்கு ஓடினேன். கட்டிலில் படித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"இட்ஸ் நாட் ப்ரோக்கன், அம்மா. ஐ செக் எவ்ரி நைட்."

அவளிடம் நாங்கள் யாரும் எதுவும் சொன்னதில்லை.