கடைசிப் பத்து நொடி

மார்ச் 4
அப்பா போனில் எடுத்த வீடியோக்கள் அறுபத்தெட்டு. அம்மாவுக்கு அவற்றை டிவிடி பிளேயரில்தான் பார்க்க வேண்டுமாம். கணினியில் காட்டுகிறேன் என்றேன். "அந்த ரிமோட்டுதான்டா எனக்குக் கைக்குப் பழக்கம்" என்றாள். அப்பா போய் இரண்டு மாதம்தான். வாதாடவில்லை.

மார்ச் 5
அழித்து அழித்து எழுதக்கூடிய டிஸ்க் ஒன்றில் அப்படியே எழுதிப் போட்டேன். பிளேயர் துப்பிவிட்டது. கிழட்டுப் பெட்டி, அதற்குப் புரிகிற வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

மார்ச் 7
மாற்றுவதற்கு ஒரு நிரல் எழுதினேன். படம் எடுக்கும்போது அப்பா மூச்சுகூட விடமாட்டார், சத்தம் பதிந்துவிடுமாம். ஆனால் பதிவை நிறுத்தத் தெரியாது. ஒவ்வொன்றின் முடிவிலும் தரை, அவர் செருப்பு, "எதடா அமுக்கணும்?" குப்பை. எல்லாவற்றிலும் கடைசிப் பத்து நொடியை வெட்டச் சொன்னேன். கணினியில் இடமில்லை, மாற்றி முடித்ததும் மூலக் கோப்பை நிரலே அழித்துவிடும். போனில் இருந்ததையும் அழித்து அக்காவிடம் கொடுத்தாயிற்று.

மார்ச் 8
அதே டிஸ்க்கை அழித்து, மாற்றியவற்றை எழுதினேன். அறுபத்தேழு ஓடுகின்றன. ஒன்று பிழை. போகட்டும்.

மார்ச் 9
அம்மாவும் அக்காவும் பார்த்தார்கள். திரையின் அகலத்தைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். "என்னடா, எல்லாரையும் தலையில தட்டி உக்கார வச்சிருக்க!" என்று அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.
"அப்பா எங்கடா?"
"அவர்தானம்மா எடுத்தாரு. எப்படித் தெரிவாரு?"
"முடியிறப்போ பேசுவாரே."

மார்ச் 10
அறுபத்தேழு பத்து நொடிகள். பதினோரு நிமிடம், பத்து நொடி. அவர் குரல் மிச்சமிருந்ததே அவ்வளவுதான். மீட்பு மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். அழிந்த இடத்தின் மேலேயே புதியவை எழுதப்பட்டுவிட்டன. ஒன்றுமில்லை. அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?

மார்ச் 11
சொல்லவில்லை. அலுவலக லிஃப்டில் யாரோ "எத அமுக்கணும்?" என்றார். திரும்பிப் பார்த்தேன். யாரோதான்.

மார்ச் 13
அந்த அறுபத்தெட்டாவது! பிழை வந்ததால் அதன் மூலக் கோப்பு அழியவில்லை. எடுக்கும்போதே பேட்டரி தீர்ந்துபோய், மூடப்படாத கோப்பு. அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்கு இருந்தால் சரிசெய்யலாம். அக்கா வீட்டுக்கு ஓடி, அந்தப் போனில் அவள் வீட்டுச் சுவரை அரை நிமிடம் எடுத்தேன். "உனக்கு என்ன கிறுக்கா?" என்றாள்.

மார்ச் 14
ஓடுகிறது. கொஞ்ச நேரம் பால்கனிச் செடி. பிறகு தரை, செருப்பு, மூச்சு. "எதடா அமுக்கணும்?" அடுத்த அறையிலிருந்து நான்: "சிவப்பு பட்டன்பா! எத்தன தடவ சொல்றது? அறிவே இல்லையா?" "சரிடா... சரி." அதற்குப் பிறகு மூன்று நிமிடம் செருப்பு நகரவேயில்லை.
என் குரலை மட்டும் வெட்டலாம். நாலு நொடி. யாருக்கும் தெரியாது.

மார்ச் 15
வெட்டவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி டிஸ்க்கைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 2
வேலை முடிந்து வந்தால், கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே நான் கத்திக்கொண்டிருக்கிறேன். அம்மா காய் நறுக்கியபடி, திரையைப் பார்க்காமலே, "அவன்கிட்ட ஏன் கேக்குறீங்க? இருங்க, நான் வந்து நிறுத்துறேன்" என்றாள். எழுந்திருக்கவில்லை.
செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன், மூன்று நிமிடமும்.