கத்தி கைக்கு வருகிற கல்லூரி

ஜூலை 4
மருத்துவக் கல்லூரி விருப்பப் பட்டியலை அனுப்ப இன்னும் பதினெட்டு நாள். அம்மாவுக்குப் புதுக் கல்லூரிதான் பிடித்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கம், தரையில் முகம் பார்க்கலாம். ஆனால் வார்டில் பாதிக் கட்டில்கள் காலி. ரப்பர் தோலில்தான் தையல் போட்டுப் பழகுவார்களாம். நான் ஆக வேண்டியது அறுவை மருத்துவர், தையற்காரி இல்லை!

ஜூலை 6
பெரிய ஆஸ்பத்திரிக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தேன். பள்ளியில் எனக்கு மூத்தவளாகப் படித்த அக்கா அங்கே பயிற்சி டாக்டர். "இங்க கூட்டம் தாங்காதுடி. சார் அடுத்த டேபிளுக்குப் போயிட்டா கத்தி நம்ம கையிலதான்" என்றாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பயமா, ஆசையா? ஆசைதான்.

ஜூலை 9
அப்பாவுக்குக் குடலிறக்கம், ஹெர்னியா. இரண்டு வருடமாக இடது பக்கம் புடைத்துக்கொண்டு வருவதை மறைத்திருக்கிறார். இப்போது பஸ் ஓட்டும்போது கிளட்சை மிதித்தாலே உயிர் போகிறதாம். நான்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அங்கே அறுவைப் பிரிவின் பெரிய சார் கைராசிக்காரர். "டாக்டரம்மா சொன்னா அப்பீலே கிடையாது" என்று அப்பா கிண்டலடித்தார்.

ஜூலை 13
ஆபரேஷன் முடிந்தது. ஒரு மணி நேரம் என்றார்கள், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. முதுகில் ஊசி போட்டதால் அப்பா விழித்தே இருந்திருக்கிறார், முகத்துக்கு முன்னால் துணித்திரை. "ஒரு பொண்ணு 'இது என்ன, இது என்ன'ன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. யாரும் பதில் சொல்லலம்மா."

மாலை – அக்காவிடமிருந்து செய்தி. "இன்னைக்கு ஒரு ஹெர்னியா, முழுக்க நானே! சார் பக்கத்து டேபிள்ல!" "சூப்பர்க்கா" என்று அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. தியேட்டர் கதவில் ஒட்டியிருந்த பட்டியலைக் காலையில் நானே படித்தேன். இன்று ஹெர்னியா ஒன்றே ஒன்றுதான்.

ஜூலை 14
இடது கால் இன்னும் மரத்தே இருக்கிறது. ஊசி மயக்கம் என்கிறார் நர்ஸ். அப்படியானால் வலது கால் மட்டும் எப்படி அசைகிறது?

ஜூலை 15
மறுபடி திறந்தார்கள். ரத்தம் கட்டியிருந்ததாம். நரம்புக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். பெரிய சார் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஐயோ, நான் ஏன் அங்க கூட்டிட்டுப் போனேன்? ஏன்?

ஜூலை 18
அக்கா வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்கப்பான்னு தெரியாதுடி. சத்தியமா தெரியாது."
தெரிந்திருந்தால் கத்தியை எடுத்திருக்க மாட்டாளா?

ஜூலை 20
சுவரைப் பிடித்து எட்டு அடி நடந்தார். முட்டி நிற்கவில்லை.

ஜூலை 22
பட்டியலை அனுப்பக் கடைசி நாள்.
"எதை முதல்ல போட்டே?" என்றார் அப்பா.
"பெரிய ஆஸ்பத்திரி."
"நல்லதும்மா. அந்த சார்கிட்டயே தொழில் கத்துக்கோ. பாவம், அவர் என்ன பண்ணுவார், நமக்கு நேரம் சரியில்ல."
அப்பா மேல் கத்தி வைத்தது சார் இல்லை என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அங்கே சேர விடமாட்டார்.