யாரும் தட்டாத இரண்டு கதவுகள்

உன் பையைத் திறந்ததும் பழைய மைதாப் பசையின் புளித்த வாடை முகத்தில் அடித்தது. திங்கட்கிழமை உன் மனைவி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கோர்ட்டில் என்னைத் தேடி வந்தாள். நீ சம்மன் கொண்டுபோன அதே ரெக்சின் பை. பூட்டிய கதவுகளில் ஒட்டுவதற்கு நீ வைத்திருந்த அதே பசை டப்பா. நீ போய் மூன்று வருடம் ஆகிறது.

"அண்ணா, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கதவுல ஒட்டிட்டுப் போயிட்டாங்க. இவரு வேலை பார்த்த கோர்ட்டுல இருந்தே வந்திருக்கு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது.

வழக்குக் கட்டை எடுத்துப் பார்த்தேன். மர்பி டவுன் வீடு தன்னுடையது என்று உன் அண்ணன் மகன் அவள்மேல் வழக்குப் போட்டிருக்கிறான். நீ இருந்தவரை காத்திருந்து, போனபின் போட்டிருக்கிறான். அவள் வரவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பும் ஆகிவிட்டது. சம்மனே கைக்கு வராதவள் எப்படி வருவாள்? ஆனால் காகிதம் வேறு கதை சொல்கிறது. கோர்ட் பட்டியலில் பதிவு பெற்ற ஒரு கூரியர் கம்பெனியின் ஆள், 'நேரில் சந்தித்தேன், வாங்க மறுத்தார்' என்று கன்னடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். தேதியைப் பார்த்தேன். உன் முதல் வருஷத் திவச நாள். அன்று காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை உன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். கூரியர்க்காரன் எவனும் அந்தச் சந்தில் கால் வைக்கவில்லை.

'வாங்க மறுத்தார்.' இந்த இரண்டு வார்த்தைக்கு நீ எவ்வளவு மரியாதை கொடுத்தாய்! நாம் ஒரே நாளில் சம்மன் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே விதிகளைப் படித்தோம். ஆளைப் பார்த்துக் கொடு, அவர் இல்லையென்றால் வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் கொடு, ஒருவரும் இல்லையென்றால் கதவில் ஒட்டு, வீட்டைக் காட்டியவர் பெயரையும் எழுது. நான் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து மறந்தேன். நீ அல்சூரில் வீடு காட்டிய பூக்காரம்மாவிடம் அவள் பெயர், புருஷன் பெயர், தெருப் பெயர் எல்லாம் கேட்டாய். "நான் என்னய்யா கொலையா பண்ணேன்?" என்று அவள் சண்டைக்கு வந்தாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சிரி. நாளைக்கு யாரு காட்டினதுன்னு ஜட்ஜ் கேட்டா உன் சிரிப்பையா காட்டறது?" என்றாய்.

கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்களிடம் நீ ஒன்று சொல்வாய். "பேப்பரை வாங்காட்டி கேஸ் ஓடிப்போயிடாதும்மா. வாங்கித் தேதியைப் பாரு." அப்படிச் சொன்னவன் நீ செய்த காரியம் என்ன? உன் பைக்குள் பசை டப்பாவுக்கு அடியில் ஒரு வக்கீல் நோட்டீஸ் இருந்தது. உன் அண்ணன் மகன் அனுப்பியது. நீ சாவதற்கு இரண்டு மாதம் முன்பு கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய். அவளிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. அண்ணன் வீட்டுச் சண்டை வெளியே தெரியக்கூடாது என்று நினைத்தாயா? ஊரிலுள்ள கதவையெல்லாம் தட்டியவனுக்குத் தன் வீட்டுக்குள் வாயைத் திறக்க முடியவில்லை. செத்துப்போய்விட்டாய் என்பதற்காக இதை நான் மன்னிக்கப்போவதில்லை.

அந்தக் கோபத்தோடுதான் கூரியர் ஆபீசுக்குப் போனேன். பதிவுச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். விண்ணப்பம், போட்டோ, போலீஸ் விசாரணை, உறுதிமொழி எல்லாம் ஒழுங்காகக் கொடுத்துப் பட்டியலில் சேர்ந்தவர்கள். கையெழுத்துப் போட்டவனுக்கு நாற்பது வயதிருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு வருஷம் ஆச்சே சார், எனக்கெங்க ஞாபகம்? மர்பி டவுன்ல பழைய நம்பர், புது நம்பர்னு ஒரே குழப்பம். ரெண்டு ரவுண்டு சுத்திட்டு, கிடைக்காட்டி சும்னே ரெஃப்யூஸ்டுன்னு போடறதுதான்."

"சும்னேவா? சும்மா எழுதிடுவியா? ஒரு பொம்பளையோட வீடுய்யா அது! அன்னிக்குப் பூரா அந்த வாசல்ல உட்கார்ந்திருந்தவன் நான். கோர்ட்ல வந்து சொல்றேன் பாரு!"

அவன் பயப்படவில்லை. "நீங்க கோர்ட் ஸ்டாஃப்தானே? அன்னிக்கு லீவா சார்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டான்.

லீவு இல்லை. கேட்டேன், நிறைய சம்மன் பாக்கி என்று மேலே மறுத்துவிட்டார்கள். அன்று என் பையில் வைட்ஃபீல்ட் அபார்ட்மெண்ட் ஒன்றுக்கான சம்மன் இருந்தது. நாலு மணிக்குமேல் உன் வீட்டில் இலைபோட்டுச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, உன் மேசையில் உட்கார்ந்தே எழுதினேன்: 'கதவு பூட்டியிருந்தது, ஒட்டினேன்.' வீட்டைக் காட்டிய செக்யூரிட்டி என்று இல்லாத ஒருவனுக்குப் பெயரும் வைத்தேன். கூரியர்க்காரன் இரண்டு ரவுண்டாவது சுத்துகிறான். நான் வைட்ஃபீல்ட் பக்கமே போகவில்லை.

உன் மனைவிக்காகப் பார்த்த வக்கீல் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒளிக்காமல் சொன்னார். "சொந்தக்காரங்க சாட்சி சொன்னா எதிர்த்தரப்பு ஈஸியா உடைச்சிடுவாங்க. கோர்ட் ஊழியர் நீங்க சொன்னா நிக்கும். ஆனா உங்க ரிப்போர்ட் வெளியே வரும். வேலை போகலாம்." ஓய்வு பெற எனக்கு ஒன்பது மாதம் இருக்கிறது. உன் மனைவியிடம் சொன்னேன். "வேணாம்ணா. என் வீட்டுக்காக உங்க சோத்துல மண்ணு விழ வேணாம்" என்றாள். நீ, நான், கூரியர்க்காரன் என்று மூன்று பொய்யர்கள் சேர்ந்து அவளைத் தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம், அவள் என் சோற்றுக்குக் கவலைப்படுகிறாள். எனக்கு என்னையே அறையவேண்டும்போல இருந்தது.

இன்று காலை வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அன்று எங்கே இருந்தேன் என்பதையும், எங்கே போனதாக எழுதினேன் என்பதையும் இரண்டையும் சொல்லிவிட்டேன். பிறகு அந்த வைட்ஃபீல்ட் வழக்குக் கட்டையும் தேடி எடுத்தேன். அந்த மனிதரும் வரவில்லை என்றுதான் அவருக்கு எதிராகத் தீர்ப்பாகியிருக்கிறது.

உன் பை இப்போது என் தோளில் இருக்கிறது. பசை டப்பாவை உன் வீட்டிலேயே வைத்துவிட்டேன், அது எனக்கு வேண்டாம். பைக்குள் அந்த வைட்ஃபீல்ட் மனிதருக்குக் கொடுக்க என் வாக்குமூலத்தின் நகல் ஒன்று மட்டும் இருக்கிறது. வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ ஏறப்போகிறேன். கேட்டில் விடாவிட்டால் அவர் வெளியே வரும்வரை நிற்பேன். வீட்டைக் காட்டுகிறவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்வேன். அவர் என்னைத் திட்டி, காகிதத்தை வாங்க மறுத்தால், அவர் முகத்தைப் பார்த்தபின் அதையும் எழுதிக்கொள்வேன்.