படலையில் நீ நின்றதையும் சொன்னேன், அக்கா

என் ஆசை வசந்தியக்கா,

நீ போன பிறகு வந்த முதல் குளிர்காலம் இது. இங்கே லண்டனில், மோர்டனில், மனமில்லாமல்தான் விடிகிறது.

நேற்று இங்கே ஒரு மண்டபத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நான் பேசப் போகும்போது கூட்டத்தை நடத்திய அண்ணை என்னை ஒதுக்கமாய்க் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஷெல்லடியில செத்ததை மட்டும் சொல்லுங்கோ. மற்றக் கதை இப்ப வேண்டாம்."

மற்றக் கதை எதுவென்று உனக்குத் தெரியும். வன்னியில் நீ நடத்திய சிறுவர் இல்லத்துக்கு, வளர்ந்த பிள்ளைகளைச் சண்டைக்குக் கொண்டுபோக எங்கட இயக்கப் பெடியளே துவக்கோடு வந்த கதை. நீ வாசல் படலைக்குக் குறுக்கே நின்றாய். "இதுகள் பள்ளிக்கூடம் போற பிள்ளையள். என்னைச் சுட்டுப்போட்டு உள்ள போங்கோ" என்றாய். அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். பிறகு போனில் என்னிடம் சிரித்தாய்: "கால் நடுங்கினது, சீலை மறைச்சுப்போட்டுது."

அதே பிள்ளைகள்மேல்தான் பிறகு இலங்கை ஆமியின் ஷெல் விழுந்தது. எல்லோரையும் பங்கர்க் குழிக்குள் இறக்கிவிட்டு, பயத்தில் வெளியே நின்றுவிட்ட சின்னவளைத் தூக்க ஓடினாய். அவளை உள்ளே தள்ளினாய். நீ இறங்க நேரம் கிடைக்கவில்லை. அவள் உயிரோடு இருக்கிறாள், அக்கா.

மேடையில் நான் இரண்டையும் சொன்னேன். படலைக் கதையைத் தொடங்கியதும் மைக்கை நிற்பாட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் "இறங்கு!" என்று கத்தினார். நான் அவரைவிடச் சத்தமாய்க் கதைத்தேன்.

"என்ர அக்காவின்ர பாதியை மட்டும் கும்பிட என்னால ஏலாது!"

அப்போது பின்னாலிருந்து ஒரு அம்மா எழும்பினா. "அவ கதைக்கட்டும். என்ர மகளை இழுத்துக்கொண்டு போகேக்க, குறுக்க நிக்க ஒருத்தரும் இருக்கேல்லை."

நான் மிச்சக் கதையையும் சொல்லி முடித்துத்தான் இறங்கினேன்.

கூட்டம் முடிய, தெரிந்த சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகட்டும். அந்த அம்மா பஸ் வரும்வரை என் கையை விடவில்லை. "இவ்வளவு காலமும் அவளின்ர பேரை வெளியில சொல்லேல்லை, பிள்ளை" என்று சொல்லி, மகளின் பெயரைச் சொன்னா.

பிள்ளையைப் பறிக்க வருகிற கை எங்களுடையது என்றால் மட்டும் கண்ணை மூடவேண்டுமா? நீ மூடினாயா?

இனி என்னை மேடைக்குக் கூப்பிடமாட்டார்களாம். கூப்பிடாமலே ஏறுவேன். சண்டை முடிந்தும் உன் பிள்ளைகள் இப்போது ஆமியின் முகாமில், முட்கம்பிக்குள் இருக்கிறார்கள். அடுத்த கிழமை எங்கள் பகுதி எம்.பி.யிடம் போறன், அந்த அம்மாவும் வாறா. அவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் போவோம். கடைசிப் பிள்ளை வெளியே வரும்வரை இந்த ஊரில் ஒருவரையும் நிம்மதியாய் இருக்க விடமாட்டேன். இது சத்தியம், அக்கா.

உன்னைப் போலவே சொல்வழி கேளாத
உன் தங்கச்சி
சுமதி