யாரும் கேட்காத சாவி

திருப்பதி
6.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தாட்சாயணி எழுதுவது. நானும் ஹரிதாவும் சுகம். உங்கள் சர்க்கரை எவ்வளவு என்று போன வாரமே கேட்டேன், பதில் இல்லை. மாத்திரையை வேளைக்குப் போடுங்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் காகிதத்தில் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். போனில் பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அதே போனில் பிள்ளைகள் வருகையை, அந்த ஹாஜரை, ஏற்றிக்கொண்டிருப்பீர்கள். நேரில் வந்தால் ஹரிதா பக்கத்தில் இருக்கிறாள். இதை நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். எங்கள் லேபில் இருக்கும் நாகபூஷணம் அண்ணன் தினமும் உங்கள் ஊரிலிருந்துதான் பஸ்ஸில் வந்து போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளி திறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அதற்குள் என் வார்டில் இரண்டு பெண் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் நீர்க்கடுப்பு, குளிர்சுரம், இடுப்பு வலி. இரண்டு பேரும் உங்கள் பள்ளி. ஒருத்தி என்னை உற்றுப் பார்த்து, "நீங்க எச்.எம். சார் ஊட்டம்மாவா? அப்ப சார்கிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றாள். எதைச் சொல்லக் கூடாது என்று கேட்டால் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். அவள் அம்மாதான் சொன்னாள்: "இஸ்கூல்ல கக்கூசு பூட்டிக்கீது. பொண்ணுங்க காலைலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்ல."

பூட்டியா இருக்கிறது, மாமா? ஏன்?

உங்கள்,
தாட்சாயணி

நாகலாபுரம்
9.7.2025

அன்புள்ள தாட்சாவுக்கு,

கல்யாணமான புதிதில் எனக்குக் கடிதம் எழுதினாய். இத்தனை வருஷம் கழித்து ஒன்று வருகிறதே என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே கக்கூசு! சர்க்கரை நூற்று எண்பது. மாத்திரை போடுகிறேன்.

பூட்டித்தான் வைத்திருக்கிறேன். காரணத்தைக் கேள். தினமும் காலை ஒன்பதரைக்குள் கழிவறையைப் படம் பிடித்து கல்வித்துறை ஆப்பில் ஏற்ற வேண்டும். அழுக்காக இருந்தால் பள்ளி பெயருக்கு எதிரே சிவப்பு விழும். சித்தூரில் வேலை பார்த்தபோது அப்படி ஒரு படத்துக்குத்தான் எனக்கு மெமோ வந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, உனக்கே தெரியும். இங்கே கழுவுகிற பெண் வாரத்தில் இரண்டு நாள்தான் எட்டிப் பார்க்கிறாள். டேங்கில் தண்ணீர் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். திறந்துவிட்டால் ஒரே நாளில் நாறடித்துவிடுவார்கள். இரண்டு வருஷமாக என் பள்ளிக்கு ஒரு சிவப்பு கிடையாது. மண்டலத்திலேயே நம்முடையதுதான் சுத்தம் என்று மண்டலக் கல்வி அதிகாரி எம்.இ.ஓ. மீட்டிங்கில் எழுந்து நின்று சொன்னார்.

நான் என்ன ராட்சசனா? சாவி என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. கேட்டால் கொடுப்பேன். இதுவரை ஒரு பெண்ணும் கேட்டதே இல்லை. தேவை இருந்தால் கேட்க மாட்டார்களா?

கொடியில் வெள்ளரி நன்றாகக் காய்த்திருக்கிறது. நாகபூஷணத்திடம் கொடுத்திருக்கிறேன். ஹரிதாவுக்குப் பிடிக்கும்.

உன்,
முரளிதரன்

திருப்பதி
13.7.2025

மாமா,

வெள்ளரிக்காய் வந்தது. கடிதமும் வந்தது. படித்த பிறகு எனக்கு ஒரு துண்டு இறங்கவில்லை.

"ஒரு பெண்ணும் கேட்டதே இல்லை" என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? லேடி டீச்சர் மாற்றலாகிப் போய் ஒரு வருஷம் ஆகிறது. உங்கள் அறையில் நீங்கள், ஹரிபாபு சார், ரங்கையா சார், மூன்றும் ஆம்பளை. வாசலில் எந்நேரமும் பையன்கள். பன்னிரண்டு வயதுப் பெண் அங்கே வந்து, "சார், கக்கூசு சாவி" என்று வாய்விட்டுக் கேட்பாளா? நான் கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்தபோது இருபத்து நாலு வயது, நர்சு வேறு. கொல்லைப்பக்கம் போக வேண்டும் என்று உங்கள் அண்ணன் முன்னால் சொல்ல வாய் வராமல் எத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

புழங்காத கக்கூசு பளபளவென்றுதான் இருக்கும். படமும் நன்றாகத்தான் வரும். கட்டினவனைச் சொல்லக் கூடாதுதான், சொல்லிவிடுகிறேன்: வைக்கோல் போரைக் காக்கிற நாய் கதையாக இருக்கிறது உங்கள் சுத்தம்.

ஹரிதாவை இங்கே சேர்க்கப் போனோமே, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கும் முன்னால் நீங்கள் என்ன செய்தீர்கள்? பெண் பிள்ளைகள் பாத்ரூம் எங்கே என்று கேட்டீர்கள். அந்த ஆயம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திருகிப் பார்த்தீர்கள். தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று இரண்டு தடவை போட்டுப் பார்த்தீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு அத்தனை பெருமை. இப்போது கேட்கிறேன். உங்கள் பெண்ணுக்கு மட்டும்தான் மூத்திரம் வருமா?

பூட்டை எடுங்கள். இந்த வாரமே எடுங்கள்.

தாட்சாயணி

நாகலாபுரம்
20.7.2025

அன்புள்ள தாட்சாவுக்கு,

நாய் என்றுகூடச் சொல்லியாயிற்று. இருக்கட்டும், உன் வாயை நான் இன்றைக்கா பார்க்கிறேன்.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். சாவியை டிராயரிலிருந்து எடுத்து என் நாற்காலிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டேன். இனிமேல் யாரும் என்னைக் கேட்கக்கூட வேண்டாம், எடுத்துக்கொண்டு போகலாம். பிரேயரில் எல்லோர் முன்னாலும் அறிவித்தும் விட்டேன். பையன்கள் கொஞ்சம் சிரித்தார்கள், அதட்டி வைத்தேன்.

இதோடு இந்தப் பேச்சை விடு. இரண்டாம் சனிக்கிழமை வருகிறேன்.

உன்,
முரளிதரன்

திருப்பதி
22.8.2025

தலைமையாசிரியர் அவர்களுக்கு,

ஏழாம் வகுப்பு ரூபாவை ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். நேற்றுத்தான் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தீர்களே. நான் டாக்டரோடு ரவுண்ட்ஸ் போகிற நேரம் பார்த்து வந்து, என் மேஜைப் பக்கம்கூடத் திரும்பாமல் போயிருக்கிறீர்கள். கட்டின பெண்டாட்டி கண்ணில் படக் கூடாது என்று ஒளிந்து ஒளிந்து வரும் அளவுக்கு வந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு நாலு நாளாக நூற்று மூன்று சுரம். சீழ் கிட்னி வரை ஏறியிருக்கிறது. தழும்பு விழுந்தால் காலத்துக்கும் தொல்லை என்கிறார் டாக்டர். விழுமா விழாதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. சுரம் இறங்கியிருந்த நேரத்தில் அவள் என்னிடம் பேசினாள். உங்கள் ஆணியைப் பற்றி அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஆணில மாட்டனதுக்கப்புறம் ஒரு தபா போனேன்க்கா. சாவிய எடுத்துக்கினு வர்றப்ப பசங்க 'ஒண்ணுக்கு எக்ஸ்பிரஸ், ஒண்ணுக்கு எக்ஸ்பிரஸ்'னு பின்னாலயே கத்திக்கினு வந்தாங்க. அப்புறம் போவல. காலைல ஒண்ணும் துன்ன மாட்டேன். மத்தியானம் சோத்துக்கு ரசம் ஊத்திக்க மாட்டேன். வூட்டுக்குப் போற வரைக்கும் அடக்கிக்கினு இருப்பேன். ஆகஸ்டு பதினஞ்சு அன்னிக்கி மட்டும் சார் தெறந்து வெச்சிருந்தாரு. பினாயிலு வாசனை கமகமன்னு இருந்துச்சி. ஆபீசரு பாத்துட்டுப் போனதும் பூட்டிட்டாரு."

பிள்ளை அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது மாதிரிச் சொன்னாள். நான்தான் ஊசி மருந்தை ஏற்ற முடியாமல் இன்னொரு சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

அவள் அம்மா வள்ளியம்மாளிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? அந்தப் பொம்பளை விடியற்காலையில் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ் பிடித்தால் இருட்டித்தான் வீடு திரும்புகிறவள். அவளிடம் போய், கண்ட கண்ட தின்பண்டம் தின்றதால் வந்தது என்று சொல்லு, பெண் பிள்ளை விஷயம், நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றீர்களாமே! அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இஸ்கூலு பேர எழுதாதீங்கம்மா, என் பொண்ணு பேரு கெட்டுடும்" என்று அழுகிறாள். பூட்டைப் போட்டது நீங்கள், பேர் கெடுவது அந்தப் பிள்ளைக்கா? சீ!

தாட்சாயணி

நாகலாபுரம்
24.8.2025

தாட்சா,

நீ என் பெண்டாட்டியா, விஜிலென்ஸா?

ரூபாவை நினைத்து எனக்கு மட்டும் தூக்கம் வருகிறது என்றா நினைக்கிறாய்? டேங்க் வேண்டும் என்று மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்காவது பதில் உண்டா? முழுநேரம் கழுவ ஆள் வேண்டும் என்று கேட்டேன், இருக்கிறதை வைத்து ஓட்டுங்கள் என்றார்கள். சிவப்பு விழுந்தால் மட்டும் என் கழுத்துக்குத்தான் கத்தி. சுற்று வட்டாரத்தில் எத்தனை பள்ளியில் இதே கதை என்று போய் எண்ணிப் பார். அவர்கள் வீட்டில் எல்லாம் நர்சு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வள்ளியம்மாளிடம் அப்படிச் சொன்னது தப்புத்தான். பயத்தில் சொன்னேன். இப்போது உன்னிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கேஸ் ஷீட்டில் பள்ளிப் பெயரோ, பூட்டிய கக்கூசோ வரக் கூடாது. வந்தால் சஸ்பென்ஷன். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஹரிதா படிப்பு இருக்கிறது. ஊரில் தலை காட்ட முடியாது. அதை மட்டும் எனக்காகச் செய்.

முரளிதரன்

திருப்பதி
1.9.2025

மாமா,

கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதியது எழுதியபடி இருக்கிறது. நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மெமோ வருகிறது, சஸ்பென்ஷன் வருகிறது, ஊர் வருகிறது. ரூபா ஒரு வரியோடு சரி. நாளைக்கு எந்தப் பிள்ளை என் வார்டுக்கு வரும் என்பது அந்த ஒரு வரியிலும் இல்லை. பூட்டை எடுத்துவிட்டேன் என்று எழுதியிருப்பீர்கள் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

புகார் கொடுக்கலாம் வா என்று வள்ளியம்மாளைக் கூப்பிட்டேன். "வேணாம்மா, அதே இஸ்கூலுக்குத்தான் எம்பொண்ணு போவணும்" என்றுவிட்டாள். ஜூலையில் வார்டுக்கு வந்த அந்த இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போன் செய்தேன். ஒருத்தர் எடுக்கவே இல்லை. இன்னொருத்தர், "நீங்களே சார்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்.

இன்று திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீசில் குறை கேட்கிற நாள். லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நின்றேன். அர்ஜி மனுவில் கணவர் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பெயரை எழுதினேன். யார் மீது புகார் என்ற கட்டத்திலும் உங்கள் பெயரை எழுதினேன். வாங்கிப் பார்த்த பெண் தெலுங்கில், "அம்மா, இரண்டு இடத்திலும் ஒரே பெயர் விழுந்துவிட்டது, அடித்து எழுதுங்கள்" என்று பேனாவை நீட்டினாள். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு சீல் போட்டாள். வெளியே வந்து மரத்தடியில் நின்று அழுதேன். அழுதால் என்ன, கொடுத்தது கொடுத்ததுதான்.

உங்கள் மூன்று மனுவைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறேன். தண்ணீர் தராதவர்களும் பதில் சொல்லட்டும். ஆனால் பூட்டைப் போட்டது அவர்கள் இல்லை.

விசாரணைக்கு வருவார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வர வேண்டாம். ஹரிதாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

தாட்சாயணி

நாகலாபுரம்
12.9.2025

தாட்சா,

விசாரணை புதன்கிழமை நடந்தது. என் வாயாலேயே உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். பிள்ளைகளையெல்லாம் பிரேயர் மாதிரி வரிசையாக நிற்க வைத்தார். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நாங்கள் மூன்று பேரும் அவருக்குப் பக்கத்தில். "கழிவறை விஷயத்தில் யாருக்காவது கஷ்டம் இருந்தால் பயப்படாமல் கையைத் தூக்குங்கள்" என்று தெலுங்கில் சொன்னார். நம் பிள்ளைகள் தமிழ் மீடியம் என்பதால் ரங்கையா அதைத் தமிழில் சொன்னார்.

நாற்பத்தோரு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். ஒரு கை எழவில்லை. பையன்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தான். அதிகாரி இன்னொரு முறை கேட்டுவிட்டு, புகாருக்கு ஆதாரம் இல்லை என்று எழுத ஆரம்பித்தார்.

பொய் சொல்ல மாட்டேன். தப்பித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மனசுக்குள் ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.

முன் வரிசையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி முழங்காலை ஒன்றோடொன்று இடுக்கிக்கொண்டு, பாவாடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் வேர்வை. இப்படி நிற்கிற பிள்ளைகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன், தாட்சா. ஒழுங்காக நில் என்று அதட்டியிருக்கிறேன். பிரம்பால் முழங்காலில் தட்டிக்கூட இருக்கிறேன். அது என்ன என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

நான் கையைத் தூக்கினேன். "உங்களுக்கு என்ன சார் கஷ்டம்?" என்று சிரித்தார் அதிகாரி. "இவங்க தூக்க மாட்டாங்க சார். தூக்க முடியாத மாதிரி வெச்சிருந்தது நான்தான். அந்தப் புகார்ல இருக்கிறது அத்தனையும் நெஜம், எழுதிக்கோங்க" என்றேன். பிறகு அவர் முன்னாலேயே போய்ப் பூட்டை எடுத்தேன். அந்தப் பெண் ஓடினாள்.

சஸ்பென்ஷன் ஆர்டர் இன்று வந்தது. டேங்க் இன்னும் வரவில்லை. ஹரிபாபு தன் வண்டியில் தண்ணீர் கேன் கொண்டுவருகிறார். ரூபா டிஸ்சார்ஜாகி வந்துவிட்டாளே, சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த ரூபா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் வாசலில் நின்றேன். யாரும் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

நீ வர வேண்டாம் என்று எழுதியதால் வரவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

முரளிதரன்